பெர்லினில் ஒரு துடைப்பப் பட்டறை: ஓட்டோ வைட் அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு

பெர்லினில் நாஜிக் காலத்தைச் சொல்லும் அருங்காட்சியகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்ற முயன்ற சாதாரண மனிதர்கள் அந்த வேலையை நடைமுறையில் எப்படிச் செய்தார்கள், சோறு எங்கிருந்து வந்தது, காகிதம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் எல்லாம் உடைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் போக வேண்டிய இடம் ரோசென்தாலர் தெரு 39. ஓட்டோ வைட் என்பவர் நடத்திய பார்வையற்றோர் பட்டறை அங்கே அதே அறைகளில் அருங்காட்சியகமாக இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சில அறைகள்தான், எல்லாவற்றையும் படித்துப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹாக்கெஷர் மார்க்ட் எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை; யு8 பாதாள ரயிலில் வருகிறவர்கள் வைன்மைஸ்டர் தெரு நிலையத்தில் இறங்கலாம். நிலையத்திலிருந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது ஹாக்கெஷ ஹோஃப என்ற பளபளப்பான கடை வளாகம். அது 40ஆம் எண். அதற்குள் நுழைந்து முற்றம் முற்றமாகச் சுற்றிவிட்டு, பட்டறை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. பக்கத்து வாசல்தான் 39. காரை பெயர்ந்த சுவர், தரையிலிருந்து மேல்வரை சுவரோவியங்கள், ஒரு சிறிய திரையரங்கு, காபிக் கடை என்று அந்த முற்றம் வேறு முகம் காட்டும். 1993இல் வைத்த நினைவுப்பலகை ஒன்றும் அங்கே உண்டு. பட்டறை பக்கக் கட்டடத்தின் முதல் மாடியில். அதே முற்றத்தில் ஆன் ஃபிராங்க் மையமும் இருக்கிறது. அது கட்டணம் உள்ள தனி நிறுவனம். ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீடு ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது, இங்கே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் போவது நல்லது.

வைட் 1883இல் ரோஸ்டொக் நகரத்தில் பிறந்தவர். சுவருக்குக் காகிதம் ஒட்டுவது அவர் தொழில். பார்வை மங்கிக்கொண்டே வந்ததால் அந்தத் தொழிலை விட்டு, துடைப்பமும் பிரஷும் செய்யக் கற்றுக்கொண்டார். 1930களில் பட்டறை தொடங்கி, 1940இல் இந்த முகவரிக்கு வந்தார். 1941க்கும் 1943க்கும் இடையில் இங்கே வேலை பார்த்தவர்களில் முப்பது பேர் அளவுக்குப் பார்வையற்ற, காது கேளாத யூதர்கள். பெரும்பாலோர் ஷ்டெக்லிட்ஸ் பகுதியில் இருந்த யூதப் பார்வையற்றோர் இல்லத்திலிருந்து வந்தவர்கள்.

இந்த அருங்காட்சியகத்தின் முழு மதிப்பும் ஒரு கேள்விக்கு அது தரும் பதிலில் இருக்கிறது: ஒரு சின்னத் துடைப்பப் பட்டறை எப்படி இவ்வளவு பேருக்குக் கவசமாக முடிந்தது? பதில், ராணுவ ஆர்டர். வைட்டின் பட்டறை ஜெர்மன் ராணுவத்துக்குப் பிரஷ் சப்ளை செய்தது. அதனால் அதற்குப் ‘போருக்கு முக்கியமானது’ என்ற வகைப்பாடு கிடைத்தது. அந்த ஒரு முத்திரையிலிருந்து மூன்று காரியங்கள் நடந்தன. தொழிலாளர்களை முகாம்களுக்கு நாடுகடத்தும் பட்டியலில் சேர்த்தால் ஆர்டர் நின்றுபோகும் என்று வாதாட முடிந்தது. போர்க்காலத்தில் எளிதில் கிடைக்காத மூலப்பொருள், குறிப்பாகக் குதிரை முடி, ஒதுக்கீட்டில் வந்தது. அந்த மூலப்பொருளில் ஒரு பகுதியை வைத்துச் செய்த பிரஷ்களைக் கணக்கில் காட்டாமல் கள்ளச்சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் ரொட்டியும் வாங்க முடிந்தது, நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆட்களுக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் லஞ்சமும் கொடுக்க முடிந்தது. ஒரு காவல்காரனை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும் என்ற நிலை இல்லை. ஆள் மாறினால் மறுபடி கொடுக்க வேண்டும்; கேட்கும் அளவும் கூடும். கள்ளக்கணக்கு நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும்.

பிரஷ் செய்கிற வேலையை அருகில் வைத்துப் பார்த்தால் பார்வையற்றவர்கள் ஏன் இதில் தேர்ந்தார்கள் என்பது புரியும். மரக்கட்டையில் வரிசையாகத் துளைகள். முடியை ஒரு கொத்தாகச் சேர்த்து, நடுவில் மடித்து, கம்பியைக் கொக்கி போல் அதன்மேல் போட்டு, துளை வழியாகப் பின்பக்கம் இழுத்து இறுக்க வேண்டும். பிறகு அடுத்த துளை. கொத்தின் பருமன் துளைக்குச் சரியாக இருக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும். மெலிந்தால் முடி உதிரும், பருத்தால் துளையில் ஏறாது. முடிவில் நுனிகளை ஒரே மட்டமாக வெட்டி, பின்பக்கம் கம்பி தெரியாமல் பலகை வைத்து மூட வேண்டும். கண் தேவைப்படாத தொழில், ஆனால் கைக்கு ஓய்வே கிடையாது.

அலுவலக அறையில் இன்னொரு சட்டமீறல் நடந்துகொண்டிருந்தது. பார்வையற்றவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதை அதிகாரிகள் பொறுத்துக்கொண்டார்கள். நல்ல பார்வையுள்ள யூதர்களை எழுத்து வேலைக்கு வைப்பதற்கு அனுமதி இல்லை. வைட் வைத்துக்கொண்டார். இங்கெ டாய்ட்ஷ்க்ரோன் என்ற யூதப் பெண் 1941இல் பட்டறையில் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆலிஸ் லிஷ்ட் வைட்டின் அலுவலகப் பணியாளர். சோதனைக்கு ஆள் வந்தால் இவர்கள் கண்ணில் படாமல் மறைய வேண்டும். 1943 ஜனவரியில் டாய்ட்ஷ்க்ரோனும் தாயும் தலைமறைவானார்கள். அதன் பிறகும் அவர் வேலைக்கு வர முடிந்ததற்குக் காரணம் ஒரு வேலைப் புத்தகம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எவருக்கும் அது கட்டாயம். வேலைக்குப் போக விரும்பாத வேறொரு பெண்ணின் புத்தகத்தை வைட் விலைக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் கைதானதும் புத்தகம் செல்லாக்காசானது. பொய்க் காகிதத்தின் ஆயுள் அதன் உண்மையான சொந்தக்காரரின் கையில் இருந்தது. இதை இங்கே போல் தெளிவாக வேறு எங்கும் புரிந்துகொள்ள முடியாது.

அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. அதன் கதவை மறைத்து ஒரு துணி அலமாரி நின்றது. அலமாரிக்குள் புகுந்துதான் உள்ளே போக வேண்டும். ஹயிம் ஹோர்ன், அவர் மனைவி மக்லா, பிள்ளைகள் மாக்ஸ், ரூத் ஆகிய நால்வரும் 1943இன் தொடக்கத்திலிருந்து அக்டோபர்வரை இந்த அறையில் இருந்தார்கள். உள்ளே நின்று சுற்றிப் பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. நாலு பேருக்கும் ரேஷன் அட்டை கிடையாது, ஏனென்றால் அட்டைக்குப் பதிவு வேண்டும், பதிவு என்றால் பிடிபடுவது. ஆகவே நாலு வயிற்றுக்கான ரொட்டியும் வெளியே யாரோ ஒருவர் தன் பங்கிலிருந்து கொடுத்ததாகவோ கள்ளச்சந்தையில் வாங்கியதாகவோதான் இருக்க முடியும். சாப்பாடு உள்ளே வர வேண்டும், கழிவு வெளியே போக வேண்டும், நோய் வந்தால் மருத்துவரை அழைக்க முடியாது. குண்டுவீச்சு நேரத்தில் மற்றவர்கள் நிலவறைக்கு ஓடுவார்கள்; அங்கே அண்டைவீட்டார் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார்கள் என்பதால் ஒளிந்திருப்பவர்களுக்கு அதுவும் ஆபத்து.

1943 அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். ஹோர்ன் குடும்பம் ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டது. கெஸ்டபோ அப்போது தலைமறைவானவர்களைப் பிடிக்க, தானே சிறைபிடித்திருந்த யூதர்களில் சிலரை உளவாளிகளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தாங்களும் குடும்பமும் நாடுகடத்தப்படாமல் இருக்க அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள். ஒளிந்திருப்பவர்கள் யாரை நம்புவார்கள், எந்தக் காபிக் கடையில் சந்திப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மறைவிடம் சுவர் மெலிந்ததால் கெடுவது அபூர்வம். அதைத் தெரிந்துகொண்டவர்களின் எண்ணிக்கை கூடுவதால்தான் கெட்டது.

இந்த அருங்காட்சியகத்தை மற்றவற்றைவிட உயர்வாக மதிக்கக் காரணம், அது தோல்வியை மறைக்காமல் வைத்திருப்பது. 1942இல் பட்டறைத் தொழிலாளர்களைக் கெஸ்டபோ பிடித்துக் கொண்டுபோய், அருகிலிருந்த க்ரோஸ ஹம்பர்கர் தெருவின் திரட்டல் முகாமில், அதாவது நாடுகடத்துமுன் யூதர்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில், அடைத்தது. வைட் நேரில் போய், ஆர்டர் நிற்கும் என்று சொல்லி, லஞ்சமும் கொடுத்து, அவர்களை மீட்டு, யூதர்கள் உடையில் அணிந்தாக வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தோடு தெருவழியே பட்டறைக்குத் திரும்ப அழைத்துவந்தார். அந்த வெற்றியின் ஆயுள் சில மாதங்கள்தான். 1943 பிப்ரவரி 27இல் பெர்லினின் தொழிற்சாலைகளில் மிச்சமிருந்த யூதத் தொழிலாளர்களை ஒரே வீச்சில் பிடிக்கத் தொடங்கினார்கள். ராணுவ ஆர்டர் என்ற வாதம் அதன்பின் எடுபடவில்லை. வைட்டின் பார்வையற்ற தொழிலாளர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்களில் கொண்டுசெல்லப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலர். சுவரில் இருக்கும் குழுப் படத்தில், ஒரே சட்டகத்துக்குள் நெருங்கி நிற்கும் முகங்களைப் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டுப் பிறகு மற்ற அறைகளுக்குப் போவதுதான் சரியான வரிசை. அவசரமாகக் கடைசி அறைக்கு ஓடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆலிஸ் லிஷ்ட்டின் பகுதிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அவரும் பெற்றோரும் வைட் ஏற்பாடு செய்த ஒரு சரக்கறையில் ஒளிந்திருந்தார்கள். அதே அக்டோபரில் பிடிபட்டு, நவம்பரில் தெரசின்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். வைட் தெரசின்ஷ்டாட்டுக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார். கள்ளச்சந்தையில் வாங்கி, பிரித்துக் கட்டி, வேறு வேறு ஆட்கள் மூலம் அஞ்சலில் சேர்க்க வேண்டிய வேலை அது. பொட்டலம் கிடைத்தது என்று முகாமிலிருந்து பதில் அட்டைகள் வந்தன. 1944 மே மாதம் ஆலிஸை ஆஷ்விட்ஸ் ரயிலில் ஏற்றினார்கள். போகும் வழியில் வைட்டின் முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்றை ரயிலிலிருந்து வெளியே போட்டார். யாரோ எடுத்துத் தபாலில் சேர்த்தார்கள்; அது வந்துசேர்ந்தது. வைட் பிரஷ் விற்கப் போகும் வியாபாரியாகவே ஆஷ்விட்ஸுக்குப் பயணம் செய்தார். ஆலிஸை அதற்குள் க்ரோஸ் ரோசன் முகாமின் கிளையான கிறிஸ்டியான்ஷ்டாட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அறிந்து, அங்கே போய், முகாமுக்கு வந்துபோகும் போலந்துத் தொழிலாளி ஒருவர் மூலம் செய்தி அனுப்பினார். ஊருக்குள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உடையும் பணமும் மருந்தும் வைத்துவிட்டு வந்தார். 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்து கைதிகளை நடத்திக் கொண்டுபோனபோது ஆலிஸ் தப்பினார், பெர்லின் வந்தார், போர் முடியும்வரை வைட்டின் வீட்டில் ஒளிந்திருந்தார். அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

வைட் ஒருவரை மட்டும் நாயகனாக நிறுத்தாமல் உதவியவர்களையும் காட்டியிருக்கிறார்கள் என்பது பாராட்ட வேண்டிய விஷயம். இதில் ஹெட்விக் போர்ஷுட்ஸ் என்ற பெயரைத் தேடிப் படியுங்கள். அலெக்ஸாண்டர் தெருவில் ஒரு சிறு மாடி வீட்டில் இருந்தவர், பாலியல் தொழில் செய்துவந்தவர். தெரசின்ஷ்டாட் பொட்டலங்களுக்கான பண்டங்களைக் கள்ளச்சந்தையில் திரட்டித் தந்தது அவர். தலைமறைவான பெண்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1944இல் போர்ப் பொருளாதாரக் குற்றம் என்று அவருக்குச் சிறை. போருக்குப் பிறகு மேற்கு பெர்லின் அதிகாரிகளிடம் அங்கீகாரம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அவருடைய ‘ஒழுக்கம்’ அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் 1977இல் இறந்தார். யூதர்களைக் காத்தவர்களைக் கௌரவிக்கும் இஸ்ரேலிய நினைவகமான யாட் வஷேம் அவரை அங்கீகரித்தது 2012இல். வைட்டுக்கு அந்த அங்கீகாரம் 1971இலேயே கிடைத்துவிட்டது, அவர் 1947இல் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின். ஒரே வலைப்பின்னலில் ஒரே ஆபத்தை ஏற்ற இருவருக்கு இடையே நாற்பத்தோரு ஆண்டு இடைவெளி. இது மனத்தை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும்.

குறைகள் உண்டு. அறைகள் மிகச் சிறியவை. ஒரு பள்ளிக் குழு உள்ளே இருந்தால் கடைசி அறையில் நிற்க இடம் இருக்காது. அப்படியிருந்தால் முற்றத்தில் கொஞ்சம் காத்திருந்து அவர்கள் இறங்கியதும் போவது மேல். விளக்கங்கள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. வாசிக்கச் சலிப்படையும் சிறு பிள்ளைகளுக்கு இங்கே தொட்டு விளையாட ஒன்றும் இல்லை. பெரிய குறை என்னவென்றால், நாஜி ஆட்சியின் காலவரிசை ஓரளவு தெரிந்தவர் வருகிறார் என்று கருதி எழுதியிருக்கிறார்கள். போகுமுன் நாலு தேதிகளை மனதில் ஏற்றிக்கொண்டால் எல்லாம் தெளிவாகும்: 1941 செப்டம்பரில் மஞ்சள் நட்சத்திரம் கட்டாயம், அதே ஆண்டு அக்டோபர் 18இல் பெர்லினிலிருந்து முதல் நாடுகடத்தல் ரயில், 1943 பிப்ரவரி 27இல் தொழிற்சாலைக் கைதுகள், அதே ஆண்டு கோடையில் பெர்லின் ‘யூதர் அற்ற’ நகரம் என்று நாஜிகள் அறிவித்தது. கடைசித் தேதிக்குப் பிறகு நகரத்தில் இருந்த பெரும்பாலான யூதர்கள் ஒன்று யூதரல்லாதவரை மணந்தவர்கள், அல்லது ஒளிந்திருந்தவர்கள்.

இது ஒரு பெரிய நிறுவனம் திட்டமிட்டுக் கட்டிய காட்சியகம் இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டாய்ட்ஷ்க்ரோன் விடாமல் முயன்றதால், 1999இல் மாணவர்கள் செய்த ஒரு கண்காட்சியாகத் தொடங்கி, 2006 டிசம்பரில் நிரந்தரக் காட்சியாயிற்று. பழுதுபார்த்து மெருகேற்றாமல் அறைகளை இருந்தபடியே விட்டது நல்ல முடிவு. சுவரின் வண்ணமும் தரைப்பலகையும் பட்டறையாகவே இருக்கின்றன.

வெளியே வந்தபின் இரண்டு இடங்களை நடந்தே சேர்த்துக்கொள்ளலாம். க்ரோஸ ஹம்பர்கர் தெருவில் திரட்டல் முகாமாக இருந்த யூத முதியோர் இல்லக் கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வில் லாமெர்ட் செய்த சிற்பக் கூட்டமும், பின்னால் யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோன் அடக்கமான பழைய யூதக் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. பட்டறையிலிருந்து அங்கே நடக்கும் தூரம்தான் வைட் தன் ஆட்களை அழைத்துவந்த தூரம். மறுபக்கம் ரோசென் தெரு. 1943 பிப்ரவரி, மார்ச்சில் தங்கள் யூதக் கணவன்மாரை விடுவிக்கக் கோரிப் பெண்கள் நாட்கணக்கில் நின்ற இடம். இங்கபோர்க் ஹுன்ட்சிங்கர் செதுக்கிய சிவப்புக் கற்சிற்பங்கள் அங்கே இருக்கின்றன.

பட்டறை ஒரே ஒரு கதையைக் காட்டுகிறது. மொத்தப் படம் வேண்டுமானால் ஷ்டவுஃபன்பெர்க் தெரு 13–14இல் உள்ள, யூதர்களுக்கு உதவியவர்களைப் பற்றிய ‘மௌன நாயகர்கள்’ நினைவகத்துக்குப் போக வேண்டும். அது 2008இல் இதே முற்றத்தில்தான் தொடங்கியது. 2018இல் இடம் மாறியது. பழைய கையேடுகளை நம்பி இன்னும் இங்கே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்-பானில் ஃப்ரீட்ரிக் தெரு போய், அங்கே ரயில் மாறிப் போட்ஸ்டாமர் பிளாட்ஸில் இறங்கி நடக்கலாம். அங்கேயும் கட்டணம் இல்லை. 2020இலிருந்து ஐரோப்பா முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தண்டனை நாட்டுக்கு நாடு எப்படி மாறியது என்பது தெரிகிறது: ஜெர்மனி பிடித்துவைத்த போலந்தில் 1941 அக்டோபர் ஆணைப்படி யூதருக்கு அடைக்கலம் தந்தால் மரணம், ஜெர்மனிக்குள் அப்படித் தனிச் சட்டம் இல்லை, ஆனால் கள்ளச்சந்தை, போலிப் பத்திரம் போன்ற குற்றங்களில் சேர்த்துச் சிறைக்கும் முகாமுக்கும் அனுப்பினார்கள். போர்ஷுட்ஸ் மாட்டியதும் அப்படித்தான்.

பெர்லினில் தலைமறைவான யூதர்கள் 6,500 முதல் 7,000 பேர்வரை. பிழைத்தவர்கள் 1,700 பேருக்கு மேல். ஒருவரை மறைத்துவைக்க ஒரு வீடு போதாது. வாரக்கணக்கில் இடம் மாற்றிக்கொண்டே இருந்ததால் பத்துப் பேர், சில சமயம் அதற்கும் மேல் கைமாற வேண்டியிருந்தது. குண்டுவீச்சு சில சமயம் வழிவிட்டது: வீடு எரிந்து காகிதமெல்லாம் போய்விட்டது என்று சொல்லிப் புது அடையாளம் வாங்கியவர்கள் உண்டு. டாய்ட்ஷ்க்ரோனும் தாயும் 1945இல் கூபன் நகரத்திலிருந்து ஓடிவந்த ஜெர்மன் அகதிகள் என்று பதிவு செய்துகொண்டுதான் கடைசி மாதங்களைக் கடந்தார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலையில் பட்டறை, பிற்பகலில் நினைவகம் என்ற வரிசை நல்லது. நினைவகத்தில் பெயர்களும் கதைகளும் ஏராளம், திரையில் தேடித் தேடிப் படிக்க வேண்டும். பட்டறையின் அலமாரியும் வேலைப் புத்தகமும் பொட்டலமும் மனதில் இருந்தால், எந்தக் கதையை எடுத்தாலும் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். இரண்டாவதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.